லினக்ஸை எழுதியவர்கள் எத்தனை பேர்? - ஒரு தலைக்கணக்கின் வரலாறு

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டிப் போனால், ஸ்ரீபெரும்புதூருக்குக் கொஞ்சம் முன்னால் வருகிற ஊர் பென்னலூர். ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. பக்கத்திலேயே இருங்காட்டுக்கோட்டை சிப்காட். ஷிப்டு மாறுகிற நேரத்தில் அந்தச் சாலையோரம் நின்றால் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். அந்த பஸ்ஸில் இருக்கும் ஒருவரிடம், "உங்க கம்பெனியில மொத்தம் எத்தனை பேர் வேலை பார்க்கிறாங்க?" என்று கேட்டால் பதில் அவ்வளவு சுலபமாக வராது. நிரந்தரத் தொழிலாளிகளை மட்டும் சொல்வதா? டிரெய்னிகளைச் சேர்ப்பதா? கான்ட்ராக்ட் ஆட்கள், கேன்டீன், செக்யூரிட்டி, பஸ் ஓட்டுகிறவர்?

இது வெறும் வாய்க்கணக்கு இல்லை. அதே சாலையில் சில கிலோமீட்டர் தள்ளி 2006இல் தொடங்கிய நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் நிரந்தரத் தொழிலாளர்கள் சுமார் 6,600 பேர், பயிற்சியாளர்கள் சுமார் 1,100 பேர் என்று பத்திரிகைகள் எழுதின. ஆலையை நம்பி அதே வளாகத்தில் உதிரிபாகம் செய்துகொண்டிருந்த கம்பெனிகளின் ஆட்கள் இந்த எண்களில் இல்லை. எத்தனை பேருக்கு வேலை போனது என்பதற்கு யார் எண்ணினார்கள், எதற்காக எண்ணினார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில்.

தொழிற்சாலைக்காவது ஒரு கேட் இருக்கிறது. பஞ்ச் கார்டு இருக்கிறது, மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் இருக்கிறது. இது எதுவுமே இல்லாத ஒரு வேலைத்தளத்தில் ஆட்களை எப்படி எண்ணுவது? உலகத்திலேயே பெரிய திறமூல மென்பொருள்களில் ஒன்றான லினக்ஸ் கர்னலின் முன்னால் முப்பது வருடங்களுக்கு மேலாக இருக்கும் கேள்வி இதுதான். ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவதும், இணையத்தின் பெரும்பாலான சர்வர்களில் ஓடுவதும் அந்தக் கர்னல்தான். அதை எழுதியவர்கள் எத்தனை பேர், அந்தக் கூட்டம் எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்று பல பேர் பல சமயங்களில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எண்ணியதற்கு ஒரு காரணம் இருந்தது. காரணம் மாறியபோதெல்லாம் கூட்டமும் வேறு மாதிரித் தெரிந்தது.

முதல் கணக்கு நன்றிக் கணக்கு.

1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தான் ஒரு இயக்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக மினிக்ஸ் செய்திக்குழுவில் அறிவித்தார். பொழுதுபோக்குக்காகத்தான் என்றும் சொல்லிக்கொண்டார். மற்றவர்கள் திருத்தங்களை அனுப்ப ஆரம்பித்தார்கள். இந்தத் திருத்தத்துக்குப் பெயர் 'பேட்ச்'. பழைய நிரலுக்கும் புதிய நிரலுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் காட்டும் சின்னக் கோப்பு அது. மின்னஞ்சலில் வரும், லினஸ் படித்துப் பார்ப்பார், பிடித்தால் தன் பிரதியில் சேர்த்துக்கொள்வார். அனுப்பியவர் பெயர் எங்கேயும் பதிவாக வேண்டிய கட்டாயம் இல்லை.

1994 மார்ச்சில் 1.0 பதிப்பு வந்தபோது நிரலோடு 'கிரெடிட்ஸ்' என்ற ஒரு கோப்பும் சேர்ந்து வந்தது. சினிமா முடிந்ததும் திரையில் ஓடுமே, அதே மாதிரி ஒரு பெயர்ப் பட்டியல். பெயர், மின்னஞ்சல், செய்த வேலை, தபால் முகவரி என்று ஒவ்வொருவருக்கும் நாலைந்து வரிகள். அதில் சுமார் 80 பேர் இருந்தார்கள். 2002 வாக்கில் அது நானூறு அளவுக்கு வந்துவிட்டது. எட்டு வருடத்தில் ஐந்து மடங்கு!

இந்த எண்ணை வைத்துக்கொண்டு ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதினார்கள். ஆனால் இல்க்கா துவோமி என்ற ஃபின்லாந்து ஆய்வாளர் 2004இல் அந்தக் கோப்பின் பதிப்புகளை எல்லாம் வரிசையாக வைத்துச் சரிபார்த்து, இதை அளவுகோலாகப் பயன்படுத்துவதில் இருக்கும் சிக்கல்களை விளக்கினார். யோசித்தால் அவை நமக்கே புரியும். பட்டியலில் பெயர் சேர வேண்டும் என்றால் பெரும்பாலும் அவரவரே கேட்டுச் சேர்க்க வேண்டும். கூச்சப்படுகிறவர், அதெல்லாம் எதற்கு என்று இருந்துவிட்டவர் பெயர் வராது. ஒரு முறை சேர்ந்த பெயரை யாரும் எடுப்பதும் இல்லை. பத்து வருடத்துக்கு முன்பு ஒரே ஒரு டிரைவர் எழுதிவிட்டுப் போனவரும் அங்கேயே இருப்பார். கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி... எழுதியவர்கள் எல்லோரும் வந்தவர்கள்தான், ஆனால் வந்தவர்கள் எல்லோரும் எழுதியவர்கள் இல்லை. தான் முழுமையான பட்டியல் இல்லை என்பதை அந்தக் கோப்பே தன் முதல் வரிகளில் ஒப்புக்கொள்கிறது. ஆக, அந்த ஐந்து மடங்கு வளர்ச்சியில் எவ்வளவு உண்மையான ஆள் பெருக்கம், எவ்வளவு பெயர் சேர்த்துக்கொள்ளும் பழக்கத்தின் பெருக்கம் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

அதே காலத்தில் நம் ஊரில் என்ன நடந்தது? 1998இல் சென்னையில் லினக்ஸ் பயனர் குழு ஆரம்பமாகிவிட்டது. பிசி குவெஸ்ட் பத்திரிகையோடு வந்த லினக்ஸ் சிடியைக் கைமாற்றிக் கைமாற்றித் தேய்த்தவர்கள் தமிழ்நாட்டில் நிறைய. மோடம் வேலை செய்யவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டு, தீர்வு கண்டுபிடித்து, பக்கத்து வீட்டுப் பையனுக்கும் போட்டுக் கொடுத்தவர்கள். கர்னல் பரவியது இவர்களாலும்தான். எந்தத் தலைக்கணக்கிலும் இவர்கள் வரவில்லை. வர வேண்டுமா என்பது வேறு விவாதம். ஆனால் பங்களிப்பாளர் என்ற சொல்லுக்கு எங்கே கோடு போடுகிறார்கள் என்பதை இவர்களை நினைத்தால் புரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது கணக்கு பயத்தில் பிறந்தது.

பேட்ச்கள் அதிகமாக அதிகமாக லினஸால் சமாளிக்க முடியவில்லை. அனுப்பியது என்ன ஆனது என்றே தெரியாமல் பலர் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். 2002 தொடக்கத்தில் இது பெரிய சண்டையாகி, பிட்கீப்பர் என்ற மென்பொருளைப் பயன்படுத்தி மாற்றங்களைப் பதிவு செய்யத் தொடங்கினார். யார் எழுதியது என்பது அப்போதுதான் ஒழுங்காகப் பதிய ஆரம்பித்தது.

பிறகு 2003 மார்ச்சில் எஸ்சிஓ என்ற நிறுவனம் ஐபிஎம் மீது நூறு கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. தங்களுக்குச் சொந்தமான யுனிக்ஸ் நிரலை லினக்ஸில் திருட்டுத்தனமாகச் சேர்த்துவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. கடைசியில் அந்த வழக்கு எஸ்சிஓவுக்குச் சாதகமாகப் போகவில்லை. ஆனால் அது ஒரு சங்கடமான கேள்வியைக் கிளப்பிவிட்டது. இந்த வரி எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது என்று நீதிமன்றம் கேட்டால் என்ன பதில் சொல்வது? பழைய மெயில்களைத் தோண்ட வேண்டியதுதான். எனவே 2004 மே மாதம் ஒரு புது வழக்கம் வந்தது. ஒவ்வொரு பேட்சின் கீழேயும் 'கையொப்பமிட்டவர்' என்ற பொருளில் ஒரு வரி எழுதி, பெயரும் மின்னஞ்சலும் போட வேண்டும். இந்த நிரலைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்பதற்கான உறுதிமொழி அது. பேட்ச் கைமாறி மேலே போகப் போக, வாங்கிக் கொடுக்கிறவரும் தன் கையெழுத்தைச் சேர்க்க வேண்டும். கிட்டத்தட்ட அரசு அலுவலகக் கோப்பு மாதிரிதான்!

2005 ஏப்ரலில் பிட்கீப்பர் உரிமம் தொடர்பான தகராறில் அதைக் கைவிட வேண்டி வந்தது. லினஸே உட்கார்ந்து 'கிட்' என்ற மென்பொருளை எழுதினார். இன்றைக்கு உலகம் முழுக்கப் பயன்படுவது அதுதான். அந்த மாதத்திலிருந்து கர்னலில் நடந்த ஒவ்வொரு மாற்றமும் எழுதியவர் பெயர், மின்னஞ்சல், நேரத்தோடு பதிவாகி இருக்கிறது. தலைக்கணக்கு எடுக்கிறவர்களுக்கு இது பொற்காலம்.

ஆனால் ஒரு வேடிக்கை. கிட்டில் கர்னலின் வரலாறு 2.6.12 பதிப்பின் சோதனை வெளியீட்டிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய பதினான்கு வருட வேலை முழுவதும் ஒரே மூட்டையாக, லினஸ் பெயரில் ஒரே ஒரு பதிவாக உள்ளே வந்தது. இந்த வரியை யார் எழுதியது என்று அந்தப் பழைய நிரலில் கேட்டால், லினஸ் டோர்வால்ட்ஸ் என்றுதான் கிட் பதில் சொல்லும். கிரெடிட்ஸ் கோப்பிலிருந்த நானூறு பேரும் அந்த ஒரு பெயருக்குள் மறைந்து போனார்கள். எண்ணும் கருவி துல்லியமாகத்தான் இருந்தது, ஆனால் அது பிறந்த தேதிக்கு முன்னால் உலகமே இல்லை என்று நினைத்துக்கொண்டது.

மூன்றாவதாக வந்ததுதான் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்த கணக்கு.

லினக்ஸ் என்றாலே சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், இரவு முழுக்கக் கண் விழித்து எழுதும் கல்லூரி மாணவர்கள் என்ற படம்தான் அப்போது எல்லோர் மனதிலும் இருந்தது. 2007 பிப்ரவரியில் எல்.டபிள்யூ.என் என்ற லினக்ஸ் வார இதழின் ஆசிரியர் ஜொனாதன் கார்பெட், அந்த மாதம் வெளியான 2.6.20 பதிப்பை யார் எழுதியது என்று எண்ணிப் பார்த்தார். ஏறக்குறைய 5,000 மாற்றங்கள், எழுநூறுக்கும் மேற்பட்ட ஆட்கள். இதோடு நிறுத்தியிருந்தால் அது இன்னொரு பட்டியல், அவ்வளவுதான். அவர் ஒரு படி மேலே போய், ஒவ்வொருவருக்கும் சம்பளம் கொடுப்பது யார் என்று பார்த்தார்.

எப்படி? மின்னஞ்சல் முகவரியின் பின்பாதியை வைத்துத்தான். ரெட்ஹாட் முகவரியிலிருந்து வந்தால் ரெட்ஹாட் ஊழியர், இன்டெல் முகவரி என்றால் இன்டெல் ஊழியர். ஜிமெயில் மாதிரிப் பொது முகவரி வைத்திருந்தவர்களை விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இந்த வேலைக்காகவே ஒரு சின்ன நிரலும் எழுதினார். கிடைத்த முடிவு: புதிதாக வந்த நிரலில் குறைந்தது 65 சதவீதம் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் எழுதியது!

2008இல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் இதையே ஓர் அறிக்கையாக வெளியிட்டது. கார்பெட்டும் கர்னல் பராமரிப்பாளர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மனும் அதை எழுதியவர்களில் இருந்தார்கள். அதற்குப் பிறகு ஒன்றிரண்டு வருடங்களுக்கு ஒரு முறை புதிய அறிக்கை வந்தது. சம்பளம் வாங்காதவர்களின் பங்கு 2012 அறிக்கையில் 14.6 சதவீதம், 2013இல் 13.6, 2016இல் 7.7, 2017இல் 8.2. தன்னார்வலர்கள் ஓடிவிட்டார்களா? அறிக்கையை எழுதியவர்கள் சொன்ன காரணம் வேறு. கர்னலுக்குள் நிரலைச் சேர்க்கும் திறமை இருப்பவரைக் கம்பெனிகள் வேலைக்கு எடுத்துக்கொள்கின்றன. நேற்றுத் தன்னார்வலர் பட்டியலில் இருந்த அதே ஆள் இன்று ஊழியர் பட்டியலில் இருக்கிறார். ஆள் மாறவில்லை, கட்டம்தான் மாறியது.

இங்கேதான் நோக்கியா திரும்பவும் வருகிறது.

ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் செய்தவை பெரும்பாலும் சாதாரண போன்கள். ஆனால் அதே நோக்கியா ஃபின்லாந்தில் லினக்ஸ் வைத்து டேப்லெட்டும் போனும் செய்துகொண்டிருந்தது. 2005இல் 770, 2009இல் என்900. அவற்றுக்காகக் கர்னலில் நிறைய வேலை நடந்தது. ஃபிளாஷ் நினைவகத்துக்கான யுபிஐஎஃப்எஸ் என்ற கோப்பமைப்பை ஹங்கேரியின் ஸெகெட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நோக்கியா எழுதியது. 2008இல் அது கர்னலில் சேர்ந்தது. 2010 வாக்கில் கம்பெனி வாரியான அட்டவணைகளில் நோக்கியா மேல் வரிசைகளில் தெரிந்தது. அந்த வருட அட்டவணையை மட்டும் பார்க்கிறவருக்கு, கைப்பேசி உலகிலிருந்து கர்னலுக்குப் பங்களிப்பாளர்கள் பெருகி வருகிறார்கள் என்றுதான் தோன்றியிருக்கும்.

2011 பிப்ரவரியில் நோக்கியா, இனிமேல் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன்தான் என்று முடிவெடுத்தது. அட்டவணையில் அதன் வரி மெல்லத் தேய்ந்து காணாமல் போனது. மேலிடத்தில் எடுத்த ஒரு முடிவு, பங்களிப்பாளர் வளர்ச்சி என்று காட்டப்பட்ட ஒரு கோட்டைக் கீழே இறக்கிவிட்டது.

அந்த ஆட்கள் என்ன ஆனார்கள்? கிட்டில் தேடினால் அவர்களில் சிலர் இன்டெல் மாதிரி வேறு கம்பெனியின் முகவரியோடு அதே வேலையைத் தொடர்ந்து செய்திருப்பதைப் பார்க்கலாம். பெயர் வைத்து எண்ணினால் அவர்கள் தொலையவே இல்லை. கம்பெனி வைத்து எண்ணினால் தொலைந்துவிட்டார்கள்.

ஸ்ரீபெரும்புதூரில் கதை அப்படி இல்லை. 2013இல் வருமான வரித்துறை நோக்கியாவிடம் சுமார் 2,000 கோடி ரூபாய் வரி கேட்டது. எதற்குத் தெரியுமா? போனில் ஏற்றுகிற மென்பொருளுக்காகத் தாய் நிறுவனத்துக்கு அனுப்பிய பணத்துக்கு வரி பிடிக்கவில்லை என்றுதான்! அந்த வழக்கில் ஆலைச் சொத்து முடங்கியதால், 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை வாங்கியபோது இந்த ஆலையை விட்டுவிட்டது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருந்தவர்கள், அதில் பெண்கள் நிறைய. அவர்கள் செய்த போன்களில் அவர்கள் பெயர் இல்லை. அடுத்த கம்பெனியின் கேட்டில் காட்டுவதற்கு கிட் மாதிரி ஒரு பதிவேடும் இல்லை.

சரி, கணக்குக்குத் திரும்புவோம். பெயர் வைத்து எண்ணுவதே சரி என்று முடிவு செய்தாலும், பெயர் என்றால் என்ன என்று அடுத்த சிக்கல் வருகிறது. இதைத் தமிழர்களுக்கு விளக்கவே வேண்டாம். கல்லூரிச் சான்றிதழில் கே. செந்தில்குமார், பாஸ்போர்ட்டில் செந்தில்குமார் கந்தசாமி, ஆபீஸ் மெயிலில் செந்தில் குமார் என்று இரண்டு சொல், வீட்டு மெயிலில் வெறும் செந்தில். நாலு பேட்ச் அனுப்பினால் நாலு பங்களிப்பாளர்! இனிஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா என்பதே நம் ஊரில் படிவத்துக்குப் படிவம் மாறும். கம்பெனி மாறினால் மின்னஞ்சலும் மாறிவிடும். இதைச் சரிசெய்யக் கர்னலிலேயே 'மெயில்மேப்' என்று ஒரு கோப்பு இருக்கிறது. இந்த முகவரியும் அந்த முகவரியும் ஒரே ஆள்தான் என்று அதில் வரி வரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். யாரோ மெனக்கெட்டு எழுதினால்தான் அதில் வரும். எழுதாத வரைக்கும் வளர்ச்சி கொஞ்சம் ஊதித்தான் தெரியும்.

ஆளை ஒருவழியாக எண்ணிவிட்டால் வேலையை எதை வைத்து அளப்பது? மாற்றங்களின் எண்ணிக்கையை வைத்தா, வரிகளின் எண்ணிக்கையை வைத்தா? வரி என்றால், 2020 வாக்கில் கர்னலில் இருந்த வரிகளில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் ஏஎம்டி கிராஃபிக்ஸ் டிரைவருடையது. அதில் பெரும்பகுதி கருவிகளைக் கொண்டு தானாக உருவாக்கிய பதிவேட்டு விவரங்கள், யாரும் உட்கார்ந்து தட்டச்சு செய்தவை இல்லை. மாற்றங்களின் எண்ணிக்கை என்றால், எழுத்துப்பிழை திருத்துவதும் ஒன்று, நாலு மாதம் தேடி ஒரு வரியில் பூட்டுச் சிக்கலைத் தீர்ப்பதும் ஒன்று. பிழையைச் சொன்னவர், சோதித்தவர், படித்துப் பார்த்து ஒப்புதல் தந்தவர் என்று தனித்தனி வரிகளும் பிற்பாடு வந்தன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பிழை சொன்னவர்கள் பட்டியலின் உச்சியில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் சிரிப்பு வரும். இன்டெல்லின் சோதனை ரோபோவும், கூகுளின் சிஸ்பாட் என்ற ரோபோவும்! தலைக்கணக்கில் தலையே இல்லாதவர்கள்.

இப்போது அந்தப் பெரிய எண்ணுக்கு வருவோம். 2005க்குப் பிறகு கர்னலுக்குப் பங்களித்தவர்கள் 15,600 பேர், கம்பெனிகள் 1,400 என்றது 2017 அறிக்கை. 2020இல் இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டது என்றார்கள். பத்திரிகைகளுக்குப் பிடித்த எண் இதுதான். ஆனால் இது கூட்டுத்தொகை. கூட்டுத்தொகை குறையவே குறையாது. 2006இல் ஒரே ஒரு பேட்ச் அனுப்பிவிட்டு விவசாயம் பார்க்கப் போனவரும் அதில் ஒருவர். பழைய கிரெடிட்ஸ் கோப்பின் குறைதான், வேறு உடையில் வந்து நிற்கிறது.

ஒவ்வொரு வெளியீட்டிலும் வேலை செய்தவர்களை மட்டும் எண்ணினால் படம் கொஞ்சம் அடக்கமாக இருக்கும். 2007இல் எழுநூற்றுச் சொச்சம் என்று பார்த்தோம். 2021இல் வந்த 5.13 பதிப்பில்தான் முதல் முறையாக இரண்டாயிரத்தைத் தாண்டியது. பதினான்கு வருடத்தில் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. இதுவும் நல்ல வளர்ச்சிதான், சந்தேகமில்லை. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் இருநூறுக்கும் மேற்பட்ட புதியவர்கள் வருகிறார்கள், ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு வெளியீடு. ஆனால் இத்தனை பேர் வந்தும் மொத்தம் அதே வேகத்தில் ஏறவில்லை என்றால், அதே அளவுக்குப் பேர் சத்தமில்லாமல் போய்க்கொண்டும் இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? வந்தவர்களை எண்ணிப் பெருமைப்பட்ட அறிக்கைகள் உண்டு. போனவர்கள் ஏன் போனார்கள் என்று யாரும் கேட்டில் நின்று விசாரிக்கவில்லை. கேட்தான் இல்லையே.

கடைசியாக வந்தது பரிசுக் கணக்கு. இதில் இந்திய மாணவர்களுக்கு நேரடியாகப் பங்கு உண்டு.

டிஜிட்டல் ஓஷன் என்ற நிறுவனம் 2014இலிருந்து ஒவ்வொரு அக்டோபரிலும் 'ஹாக்டோபர்ஃபெஸ்ட்' நடத்துகிறது. 2020இல் விதி எளிமை. எந்தத் திறமூலத் திட்டத்துக்காவது நாலு திருத்தக் கோரிக்கைகள் அனுப்பினால் ஒரு டி-ஷர்ட். புதியவர்களை இழுக்க வேண்டும், எண்ணிக்கை வளர வேண்டும் என்பதுதான் நோக்கம். அந்த அக்டோபரின் முதல் நாளே கிட்ஹப் முழுக்கக் குப்பை குவிந்தது. விளக்கக் கோப்பில் 'அற்புதமான திட்டம்' என்று ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பிய கோரிக்கைகள் ஆயிரக்கணக்கில் வந்தன. இந்திய யூடியூப் சேனல் ஒன்று உதாரணத்துக்காக அப்படிச் செய்து காட்டியிருந்ததை மாணவர்கள் அப்படியே பின்பற்றியதுதான் இதில் பெரும் பங்கு. சம்பளமில்லாமல் திட்டங்களைப் பராமரிக்கிறவர்கள் சனி ஞாயிறு முழுக்க இதை மூடிக்கொண்டிருந்தார்கள். மூன்றே நாளில் விதியை மாற்ற வேண்டி வந்தது. விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு அனுப்பினால் மட்டுமே கணக்கு என்றார்கள். 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் என்ற பிரபலமான திட்டத்துக்கும் இதே கதி. அதன் விளக்கக் கோப்பில் தங்கள் பெயரைச் சேர்த்து இந்திய மாணவர்கள் அனுப்பித் தள்ளினார்கள், அதற்கும் ஒரு பாட வீடியோதான் காரணம்.

மாணவர்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை. திறமூலப் பங்களிப்பு இருந்தால் பிளேஸ்மென்ட்டில் நல்லது என்று எல்லாப் பக்கமும் சொல்கிறார்கள். எத்தனை என்றுதான் கேட்கிறார்கள், எது என்று கேட்கிறவர் குறைவு. எண்ணைக் கேட்டால் எண்தான் வரும். கர்னலுக்கு இந்த வெள்ளம் பெரிதாக வரவில்லை. அங்கே இன்னும் பேட்சை மின்னஞ்சலில்தான் அனுப்ப வேண்டும், விதிகள் ஏராளம், பதில் வருவதற்கே வாரக்கணக்கில் ஆகலாம். புதியவர்களை விரட்டுகிறது என்று பலர் குறை சொல்லும் அந்தப் பழைய முறையே இங்கே தடுப்புச் சுவர் ஆனது.

எண்ணிக்கை கூடுவதெல்லாம் நல்லதற்கு இல்லை என்பதற்குக் கர்னலுக்கு வெளியே ஒரு பயங்கரமான உதாரணம் உண்டு. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் நிரலைப் பல வருடங்களாக ஒருவர்தான் பராமரித்து வந்தார். 2021 வாக்கில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். பொறுமையாக, ஒழுங்காக, இரண்டு வருடத்துக்கு மேல் வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்து, இணைப் பராமரிப்பாளரும் ஆனார். எந்த அளவுகோலில் பார்த்தாலும் பராமரிப்பாளர் எண்ணிக்கை இரண்டு மடங்கு! 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் உள்நுழைய அரை நொடி அதிகமாக ஆவதைத் துருவிப் பார்த்து, அந்த ஆள் உள்ளே ஒரு கள்ள வாசல் வைத்திருப்பதை வெளியே அறிவித்தார். ஜியா டான் யார் என்பது வெளியுலகுக்குத் தெரியவில்லை.

கர்னலிலும் இப்போது கவனமாக வைத்திருப்பது பங்களிப்பாளர் பட்டியலை விட 'மெயின்டெய்னர்ஸ்' என்ற கோப்பைத்தான். எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு, யாருக்குப் பேட்ச் அனுப்ப வேண்டும் என்பது அதில் இருக்கும். இரண்டாயிரம் பேர் அனுப்புவதை அதில் இருப்பவர்கள்தான் படித்தாக வேண்டும். அனுப்புகிறவர்கள் வளர்ந்த வேகத்தில் படிக்கிறவர்கள் வளரவில்லை என்ற புலம்பல் கர்னல் மாநாடுகளில் பழகிப் போன ஒன்று. 2024 அக்டோபரில் ரஷ்யத் தொடர்புள்ள சுமார் ஒரு டஜன் பேரின் பெயர்களைப் பொருளாதாரத் தடையைக் காரணம் காட்டி அந்தக் கோப்பிலிருந்து ஒரே பேட்சில் நீக்கினார்கள். அவர்கள் எழுதிய நிரல் அப்படியே இருக்கிறது, கிட்டில் பெயரும் இருக்கிறது.

சாதாரணமாக ஓய்வு பெறும் பராமரிப்பாளருக்கு வேறு மரியாதை. மெயின்டெய்னர்ஸ் கோப்பிலிருந்து அவர் பெயரை எடுத்து, 1994இல் ஆரம்பித்த அதே பழைய கிரெடிட்ஸ் கோப்பில், அவர் செய்த வேலையைக் குறிப்பிட்டு நாலு வரி எழுதிச் சேர்த்துவிடுவார்கள். அப்படிச் சேர்ப்பதற்கும் யாராவது ஒரு பேட்ச் அனுப்ப வேண்டும். அந்த வெளியீட்டின் கணக்கில் அதுவும் ஒரு மாற்றமாக ஏறிவிடும்.